நாற்பது நிமிடத் தூரம்

யாகூத்ஸ்க், புறப்பாடு காலை ஒன்பது.
மாஸ்கோ, வருகை காலை ஒன்பது நாற்பது.
சீட்டை அப்படியே வாசித்தால்
கடைக்குப் போய் மாவு வாங்கித் திரும்புகிற நேரம்.
நடுவில் ஏறத்தாழ ஐயாயிரம் கிலோமீட்டர் கிடப்பதை
அது வாய் திறந்து சொல்லவில்லை.

கொதிகலன் நிலையத்தில்
நிலக்கரிக் கணக்கு எழுதுகிறவள் நான்.
வந்தது, எரிந்தது, மிச்சம்.
ஒரு கூடை உதைத்தாலும் எனக்குத் தூக்கம் பிடிக்காது.
ஆறு மணி நேரத்தை
எந்தப் பத்தியில் எழுதுவது?

மைனஸ் நாற்பத்தெட்டு.
கையிலிருந்த நெல்மா மீன் விறகுக்கட்டையாக இருந்தது.
செய்தித்தாளில் சுற்றி, சால்வையில் சுற்றி,
தலைக்கு மேலே பெட்டியில் படுக்கவைத்தேன்.
தூயாரா போனில் சொல்லியிருந்தாள்:
"நீ வராவிட்டாலும் மீன் வரட்டும்."
கொஞ்சம் பொறுத்து,
"இல்லை அக்கா, நீயும் வா. வலி எடுக்குமுன் வா."

ஏறும்போது
இடது இறக்கைக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கீற்று.
சாப்பாடு வந்தது. அதே கீற்று.
தட்டை எடுத்துப்போனார்கள். அதே கீற்று.
பக்கத்தில், கிணறு துளைக்கும் வேலைக்காரர்
பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தூங்கினார்.
விழித்து, "விடிந்துவிட்டதா?" என்றார்.
"விடிந்துகொண்டே இருக்கிறது."
சரி என்று மறுபடி தூங்கினார்.

வண்டிகூடவே ஓடிவரும் நாய்போல
பொழுது எங்களோடு ஓடிவந்தது,
முந்தாமல், பிந்தாமல்,
எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு.

மீன் மட்டும் இதை நம்பவில்லை.
யூரல் மலை தாண்டி வெகுநேரம் கழித்து
மேலிருந்து ஒரு சொட்டு
அவர் வழுக்கையில் விழுந்தது.
தடவினார். விரலை முகர்ந்தார்.
"நெல்மா," என்றார், கண் திறக்காமல்.
நான் வெட்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன்.
திருப்பி வைக்காத ஊர்க் கடிகாரம்:
இரண்டு ஐம்பத்தைந்து.

பிரசவ வார்டு.
மருமகளின் மணிக்கட்டில் ஒரு பட்டை.
பெண். மூன்று கிலோ இருநூறு.
எட்டு ஐம்பத்தைந்து.

"ஒன்பதுக்குத்தானே கிளம்பினாய்?"
தூயாரா, உதடு வெடித்த சிரிப்போடு.
"அஞ்சு நிமிடம் முன்னால் கிளம்பியிருக்கக் கூடாதா?"
இல்லையடி, உன் எட்டு ஐம்பத்தைந்து
என்னுடைய இரண்டு ஐம்பத்தைந்து, அப்போது நான்
என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தேன்.
அவள் தூங்கிப்போயிருந்தாள்.

மீனை உள்ளே விடவில்லை.
கொழுந்தன் ஸ்பிரிதோன் வீட்டுக்குக் கொண்டுபோய்
பால்கனிக் கம்பியில் கட்டினார்.
மைனஸ் ஆறு. எங்கள் ஊரில்
இந்தக் குளிருக்குக் கோட்டுப் பொத்தானைக்கூடப் போடமாட்டார்கள்.

ராத்திரி
பிள்ளை பிறந்ததற்கு ஆளுக்கொரு துண்டு என்று
கத்தியை வைத்தார்.
மேல்சதையில் வெண்ணெயாக இறங்கியது.
நடுவில் நறுக்கென்று நின்றது.

அந்த இடத்தில் இன்னும்
யாகூத்ஸ்க்கில் மணி ஒன்பது.