கேள்வி நான்கு

பிரச்சினையை விவரிக்கவும்.
இடைவெளி உட்பட ஆயிரம் எழுத்துக்குள்.

நான் இப்படித் தொடங்கியிருந்தேன்:
பட்டறைத் தெரு வடிகால் ஓடையில் விழுமிடத்தில்
ஒரு கோஹோ சால்மன்
ஒருக்களித்துக் கிடந்து
வாயைத் திறந்து திறந்து மூடியது.
வயிறு நிறைய முட்டை.
ஒன்றுகூட இட்டிருக்கவில்லை.

ஹல்ட்கிரென் அழித்துவிட்டார்.
"இது கதை.
அவர்களுக்கு எண் வேண்டும்."

எண் இருக்கிறது.
ஏழாம் அவென்யூப் பாலத்தில் நாளொன்றுக்கு
முப்பத்தோராயிரம் வண்டி.
ஒவ்வொன்றும் டயரிலிருந்து ஒரு துளி கறுப்பைத்
தார்ச்சாலைக்குக் கொடுத்துவிட்டுப் போகிறது.
ஜூலை முழுக்க. ஆகஸ்ட் முழுக்க.
வாஷிங்டன் மாநிலத்தின் இந்த ஈர மூலையில்கூட
கோடையில் வானம் கைவிரித்துவிடும்.
துகள் காத்திருக்கிறது,
அக்டோபரில் ஒரு மாலை வரும்வரை.

முதல் மழை.
என் மொழியில் அந்தச் சொல்லைத் திறந்தால்
மண்வாசம் வரும், தவளை வரும்,
நனைந்த சட்டைக்கு வாங்கிய திட்டும் வரும்.
படிவத்தில் அதன் பெயர் ஆரம்பக் கழுவல்.
எங்கள் மாதிரிக் குப்பிகளில்
அந்த முதல் அரை அங்குலம்
பால் விடாத காப்பி நிறம்.

நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை.
சாலையோரம் பதினெட்டுத் தொட்டிகள்.
மணல் அறுபது பங்கு, மக்கிய உரம் நாற்பது.
மேலே கோரை. அடியில் துளையிட்ட குழாய்.
மழை அதற்குள் மெதுவாக இறங்கி
வேறு நீராக வெளியே வரும்.
மண்ணுக்கு முன்பே தெரிந்த வேலைதான்.
மண்ணை மூடிவிட்டோம்;
இப்போது மானியம் கேட்டு
திரும்ப வாங்குகிறோம்.

கேள்வி ஒன்பது: நகரத்தின் பங்கு கால்வாசி.
கவுன்சிலர் விட்டாக்கர் மைக்கை இழுத்துக்கொண்டு
ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.
எனக்குள் அது
கடலில் கரைத்த பெருங்காயம் என்று கேட்டது.
தொட்டிகளோடு சாலைக்குப் புதுத் தாரும் வரும் என்றதும்
கை தூக்கினார்.
நாலுக்கு மூன்று.

கேள்வி பதினான்கு: பயன், டாலரில்.
நிதிப் பிரிவு ஒடெட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.
"ஒரு மீன் எவ்வளவு?"
"சந்தையிலா, ஓடையிலா?"
"படிவத்தில்."
இருவரும் சிரித்தோம்.
பிறகு ஒரு தொகை எழுதினோம்.
அதை இங்கே சொல்ல வெட்கமாயிருக்கிறது.

ஆதரவுக் கடிதங்கள் ஆறு.
ஐந்தில் 'பெருமகிழ்ச்சி'.
கீழ்க்கரைப் பழங்குடி அரசின் மீன்வளத் துறை
இரண்டே வரி அனுப்பியிருந்தது:
உங்கள் சாலைக்கு முன்பு இங்கே மீன் இருந்தது.
சீக்கிரம் செய்யுங்கள்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்திருக்கிறோம்.
துத்தநாகம் இவ்வளவு, செம்பு இவ்வளவு,
டயரின் நஞ்சு இவ்வளவென்று
இணைப்பு 'இ'யில் பதினோரு பக்கம்.
போட்டது யார் என்று கேட்கும் கட்டம் மட்டும்
படிவத்தில் எங்குமே இல்லை.

தயாரித்தவர் பெயர் என்ற இடத்தில்
பூங்கோதை அடங்கினாள்;
அப்பா பெயர் பாதியில் வெட்டுப்பட்டது.
மாலை நாலு ஐம்பத்திரண்டுக்கு
பொத்தானை அழுத்தினேன்.
வட்டம் சுற்றியது, சுற்றியது,
நின்றது.
மார்ச் மாதம் தெரிவிப்போம் என்றது திரை.
இன்றிரவே என்றது வானிலை.

ஹல்ட்கிரென் மேசையில் இல்லை.
அவருடைய ரப்பர் பூட்ஸும் இல்லை.
ஆறரைக்கு என் கைப்பேசியில் வந்தது,
எண்ணே இல்லாத ஒரு செய்தி:
"ஒன்று இன்னும் மூச்சு விடுகிறது.
டார்ச் எடுத்து வா."

தூறல் கண்ணாடியில் புள்ளி வைக்கிறது.
ஏழாம் அவென்யூப் பாலத்தில் என் வண்டி.
மெதுவாகப் போனால் டயர் குறைவாகத் தேயுமோ என்று
மெதுவாகவே போகிறேன்.
பின்னால் எவனோ
ஹாரன் அடிக்கிறான்.