கடைசிக் கம்பத்துக்கு மேற்கே

மேற்கில் எனக்குத் தெரிந்த உலகம்
ஒரு மின்கம்பத்தோடு முடிகிறது.
தாரால் எழுதிய இலக்கம் பாதி அழிந்த கம்பம்.
கீழே கனகம்மா வீட்டு மீற்றர்,
மாதம் பதினொரு யூனிட்.
வாசிப்பேன், துண்டு கிழித்துக் கொடுப்பேன்,
மோட்டார் சைக்கிளைத் திருப்புவேன்.
பதினாறு வருசம் திருப்பியிருக்கிறேன்
குடும்பிமலை முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்க.

இந்த முறை திருப்புவதில்லை.

ஓட்டமாவடி, ஹிதாயத்தின் கராஜ், இரவு எட்டரை.
ஜீப்புக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் பேசுகின்றன:
"டீசல் அறுபது லீற்றர். கிரானுக்கு அங்கால ஷெட் இல்ல.
ஜக்குக்கு அடியில வைக்கப் பலகை ஒண்டு.
மணலுக்க ஜக்தான் இறங்கும், வண்டி ஏறாது."

சுகிர்தா சீமெந்துத் தரையில்
சோக்கால் மாதுறு ஓயாவை வரைகிறாள்.
ஆஸ்பத்திரி லேப்பில் கட்டம் போட்டுப் பழகிய கை,
ஆறு நேராகத்தான் போகிறது.
"ஆறு அப்பிடிப் போகாது கா" என்று
நேசதுரை குந்தியிருந்து வளைக்கிறான்.

நேசதுரை எங்கள் லைன்மேன்.
முப்பதடி உயரத்தில் விசிலடிப்பவன்,
தரையென்றால்தான் யோசனை.
"மண்டையோட்டுப் பலகையெல்லாம் கழட்டிட்டாங்களாம்.
கழட்டினதுக்கு ஒரு பலகை நட்டிருக்கா?"

ஒருவரும் சிரிக்கவில்லை.
ஜீப்புக்கடியில் கால்கள் அசையாமல் கிடந்தன.
மறுகா சுகிர்தா எழுதினாள்:
மாடு போன தடத்தில் மட்டும் போவது.
மாடு போகாத இடத்துக்கு
மூத்திரத்துக்கும் போவதில்லை.
அதன் கீழே, யாரையும் கேட்காமல்,
பழைய சாறன் இரண்டு, தடி நாலு, எனக்கு.

சிவப்பரிசி எட்டுக் கிலோ.
வெள்ளிக்கிழமை நேசதுரைக்கு மரக்கறி,
கோழியென்றால் ஹிதாயத் அறுக்க வேண்டும்,
சட்டி ஒன்றா இரண்டா என்று
அரை மணித்தியாலம் போனது.
கடைசியில் பருப்பு
எல்லாச் சண்டையையும் தின்றுவிட்டது.
தயிர் வாங்க வேண்டாம், பட்டிக்காரர் தருவார்கள்.
அவர்களுக்கு வெற்றிலை, டோர்ச் பற்றரி.
ஆவணியில் ஆறு வெறும் மணல்;
தண்ணீர் என்ற தலைப்பின் கீழ்
மண்வெட்டி என்று எழுதினோம்.
யானை வெடி ஆறு.
"ஆறு காணுமா?"
"ஏழாவதுக்கு ஓட்டம்."

சின்ன சோலார் ஒன்று கொண்டுவருகிறேன் என்றான் ஹிதாயத்.
வேண்டாம் என்றேன்.
மூன்று இரவும் ஒரு யூனிட் எரியக் கூடாது.
"கரண்டுக்காரன் பேசுற பேச்சா இது?"
அவர்கள் சிரித்தார்கள்.
நாளைக்கு நூற்றைம்பது வீட்டில்
சக்கரம் சுற்றுவதைப் பார்த்த கண் என்னுடையது.
படுத்து இமை மூடினாலும்
கறுப்புப் புள்ளி வரும், போகும்,
திரும்ப வரும்.
யாருடைய கணக்கென்று தெரியாமல்
எண்ணிக்கொண்டே கிடப்பேன்.
இதை அவர்களிடம் சொல்லவில்லை.
"பாரம் கூடும்" என்று மட்டும் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து
ஹிதாயத்தின் மகன் சைக்கிளில் உள்ளே வந்து
ஒரு வட்டம் அடித்துவிட்டுப் போனான்.
பாதி மலை அவன் டயரில் ஒட்டிக்கொண்டு
குசினிப் பக்கம் போய்விட்டது.
ஆறு எந்தப் பக்கம் இருந்தது?
மூன்று பேர் மூன்று பக்கம் காட்டினோம்.
ஜீப்புக்கு அடியிலிருந்து
நாலாவது பக்கத்தை ஒரு கால் காட்டியது.

நாள் குறித்தாயிற்று, போயாவோடு ஒட்டிய வெள்ளி.
லீவுக் கடிதத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதியிருக்கிறேன்.
பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு நாங்கள்
முந்தின மாதத்தை வைத்து ஒரு உத்தேசம் போடுவோம்.
என்னையும் அப்படிப் போட்டுக்கொள்ளட்டும்.

முதல் இரவு யார் முழிப்பு என்பது
இன்னும் எழுதவில்லை.

ஹிதாயத் வெளியே ஊர்ந்து வந்து
கையைத் துடைத்து, பிஸ்மி சொல்லி, சாவியைத் திருப்பினான்.
ஜீப் இருமியது.
இன்னொரு தரம் இருமிவிட்டுப் படுத்துவிட்டது.

தள்ளுவதற்கு ஆள் மூன்று
என்று எழுதினாள் சுகிர்தா.
எங்களை ஒரு தரம் எண்ணிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் சரி போட்டாள்.
பட்டியலில் இதுவரை சரி விழுந்த வரி
அது ஒன்றுதான்.