இரண்டு வாஷர்

பழைய மிதவை
பூவனூர்ப் பாலத்தடியில் கருங்கல் மீது ஏறி
வாய் பிளந்தது.
கம்பெனி மிதவைக்குச் சொன்ன விலையில்
ஒரு கன்றுக்குட்டி வாங்கலாம்.
அதனால்
பட்டுக்கோட்டையில் ஒருவர் வார்த்து விற்கும்
மஞ்சள் மிதவை ஒரு ஜோடி.
மூக்கு கொஞ்சம் நீளம், வயிறு அகலம்.
"எல்லா நடவு மெஷினுக்கும் சேரும்" என்று
அட்டையில் அச்சடித்திருந்தது.
எல்லாருக்கும் சேரும் என்று சொன்ன எதுவும்
எனக்கு முழுசாகச் சேர்ந்ததில்லை,
ரெடிமேட் ரவிக்கை உட்பட.

பதினொரு பெண்கள் பேரில் கடன்.
கைப்பிடி மட்டும் என் கையில்.
பாய் நாற்றுக்குப் பதினாறாம் நாள்,
பதினெட்டைத் தாண்டினால் வேர் பின்னி
ஊசிக்கை கிள்ளாது.
வெண்ணாற்றில் முறைத் தண்ணீர்
வியாழக்கிழமை வரைதான்.

கொரடாச்சேரிக்குக் கிழக்கே
பாவாடைராயன் வயலில் இறக்கினேன்.
தண்ணீர் ஒரு விரற்கடை.
இரண்டு நாள் படிந்த சேறு
உறை விழுந்த பால் மாதிரி அசைந்தது.
மஞ்சள் வயிறு அதை ஒதுக்க,
ஒதுங்கிய சேறு எழுந்து
சற்று முன் நட்ட வரிசைமேல் சாய,
நாற்றெல்லாம் படுத்துவிட்டது.
மெஷினோ
கட்டுத்தறி ஞாபகம் வந்த மாடாய்
வாய்க்கால் பக்கமே இழுத்தது.
திரும்பிப் பார்த்தேன்.
மூன்று வரிசை, சாலையோரமாகவே,
ஒன்றுகூட நேராக இல்லை.

பாவாடைராயன் ஒன்றும் சொல்லவில்லை.
பீடியை மட்டும் அணைத்தார்.

கூத்தாநல்லூரிலிருந்து ஜபருல்லா வந்தான்.
மெஷினை வரப்பில் ஏற்றி நிறுத்தி
மூக்குக்கும் மூக்குக்கும் நான் அளந்தேன்.
வாலுக்கும் வாலுக்கும் அவன் அளந்தான்.
டேப்பில் முதல் ஒன்பது சென்டிமீட்டர்
போன தாளடியிலேயே அறுந்து போனது.
பத்திலிருந்து பிடிக்க வேண்டும்,
பிறகு பத்தைக் கழிக்க வேண்டும்.
நான் கழித்தேன்.
அவன் கழிக்கவில்லை.
இல்லாத கோணலை நிமிர்த்த
முக்கால் மணிநேரம்
இரண்டு பேரும் ஸ்பானரோடு போராடினோம்.

டீத்தூக்கோடு வந்த வசந்தகோகிலம்
(குழுவுக்குக் கணக்கு எழுதுபவள்)
சகதியில் குந்தி இரண்டு எண்ணையும் பார்த்தாள்.
"ஒரே தூரத்தை
ஆளுக்கொரு ஊர்லேர்ந்து அளந்தா
எப்படிப்பா சேரும்?"

பிறகு நூல் கட்டினோம்.
உண்மையான கோணல்
இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை.
இடது மிதவை மட்டும்
ஜன்னலோரத்துப் பையனைப் போல
வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.
தாங்கு கம்பியில் அரைச் சுற்று.
இப்போது இரண்டும் ஒரே திசை பார்த்தன.
ஆனாலும் அகலம்.
"இன்னும் குறுக்கலாமா?"
"ரொம்பக் குறுக்கினா திருப்புறப்போ சாஞ்சிடும்கா.
அகட்டினா பக்கத்து வரிசையை மிதிக்கும்."
கொஞ்ச நேரம் காதைச் சொறிந்துகொண்டு நின்றான்.
பிறகு அச்சின் உட்பக்கமிருந்த
இரண்டு வாஷரைக் கழற்றி
வெளிப்பக்கம் கோத்து முடுக்கினான்.
மிதவை
முட்டும் கூட்டத்தில் ஒதுங்கி இடம் தருகிறவளாய்
அரை விரல் உள்ளே வந்தது.

மறுபடி இறக்கினேன்.
எழுந்த சேறு
நட்ட வரிசையின் காலடி வரை வந்து
தொடாமல் அடங்கியது.
கைப்பிடியில் இழுப்பில்லை.
ஆனாலும் என் இடது தோள்
பொழுது சாயும் வரை
எதையோ எதிர்த்துத் தள்ளிக்கொண்டே இருந்தது.
அதற்கு யாரும் சொல்லவில்லை,
சரியாகிவிட்டதென்று.

கூலியில் முந்நூறு பிடித்தார் பாவாடைராயன்,
கோணலுக்கு.
நியாயம்தான்.

மன்னார்குடி பஸ் அந்த வளைவில்
வேகம் குறைக்கும்.
தூர் வெடித்துப் பயிர் மூடும்வரை
தினம் இரண்டு நடை அதில் போனேன்.
யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.
மூடிய பிறகும்
நான் பார்க்கிறேன்,
மூன்றாவது மின்கம்பத்துக்கு நேர் கீழே.