நிறுத்தி வைக்கும் பொத்தான்

கோதுமைக் கப்பலில் வந்தது அது.
சீனன்குடா மா ஆலையில் சரக்கு இறங்கிக்கொண்டிருக்க
இரண்டாம் எஞ்சினியர், நெட்டையான கறுத்த மனிதர்,
வாடகைக் காரில் என் ரேடியோக் கடைக்கு வந்தார்.
கக்கத்தில் ஒரு பெட்டி,
மஞ்சள் லேபல் ஒட்டிய மூன்று கெசட்.
கெசட் என்றுதான் நினைத்தேன். உள்ளே நாடா இல்லை.

"ஆம்பிளையள் ஆரும் இல்லையோ" என்று அவர் கேட்கவில்லை.
அதற்காகவே பாதிக் கூலி சொன்னேன்.

நூற்றுப்பத்து வோல்ட்டில் பிறந்ததை
யாரோ இருநூற்று முப்பதில் செருகியிருக்கிறார்கள்.
டிரான்ஸ்போமர் கரி. அது சின்ன வேலை.
படம் உருண்டதுதான் பெரிய வேலை:
அவர்கள் ரீவியும் எங்கள் ரீவியும்
ஒரே விநாடியை வேறுவேறாய் வெட்டுகின்றன.
மூன்று இரவு திருகினேன்.
நாலாம் இரவு
ஒரு வெள்ளைச் சதுரம் உருளாமல் நின்றது.

போகும்போது அவர் சொன்னது:
விளையாட்டைப் பெட்டியிலிருந்து கழற்றலாம், வேறொன்றைப் பூட்டலாம்
என்று செய்து காட்டியவர்களுக்குத் தலைமை ஒரு கறுப்பு எஞ்சினியராம்.
சொந்த அண்ணனுக்கு உத்தியோகம் கிடைத்ததுபோல் சொன்னார்.
பெயர் கேட்டேன்.
நாக்கில் நிற்குது, வருகுதில்லை என்று
நெற்றியைத் தட்டிக்கொண்டே காரில் ஏறினார்.

நான் பாலையூற்றுக்காரி.
என் முப்பாட்டனைக் கோட்டைக் காவலுக்கு ஏற்றி வந்தவர்கள்
அவன் ஊரை எந்த ஏட்டிலும் எழுதவில்லை.
பள்ளியில் காப்பிலி. கடையில் ரேடியோ அக்கா.
எமரென்சியா பெரைரா என்பது
ஞானஸ்நானப் புத்தகத்துக்கு மட்டும்.

ஒரு கெசட்டைத் திறந்தேன்.
ஒரு பச்சைப் பலகை. ஒரு சில்லு. விளிம்பில் பற்கள்.
பற்களுக்கு முன்னால் சுருள்வில் வைத்த சின்னக் கதவு.
பிள்ளைகள் ஏறுமாறாய்ச் செருகுவார்கள்,
வியர்த்த விரலால் தொடுவார்கள்,
ஆயிரம் தடவை இழுத்துப் பிடுங்குவார்கள்
என்று யாரோ நித்திரை கெட்டிருக்கிறான்.
கைக்குப் பயந்து, கைக்காகவே செய்த கதவு.
பெயர் எங்கும் இல்லை.
நான் திருத்தும் ரேடியோக்களின் வயிற்றில்
பென்சிலால் "எ.பெ.", திகதி, எழுதி மூடுவது வழக்கம்.
இதில் எழுதக் கை வரவில்லை.
பிறகு எழுதினேன்:
ஒருத்தி திறந்து பார்த்தாள். நல்ல வேலை.

செவ்வாய்க்கிழமை எடுக்க வருவதாக இருந்தார்.
திங்கள் மத்தியானமே ஊரடங்கு.
கப்பல் பாதி மாவோடு போய்விட்டதாம்.
நானும் பக்கத்துத் தையல்கடை செயினுலாப்தீனும்
என் கடைக்குள் அகப்பட்டோம், கதவை இறக்கியபடி.
கடற்படை ஜீப் மெயின் வீதியால் போய் வந்தது, போய் வந்தது.

விளையாடினோம். வேறென்ன செய்ய?
அவருக்கு ஐம்பத்தொரு வயது,
ஊசி கோர்க்கும் விரல்கள், பந்து மட்டும் பிடிபடவில்லை.
சத்தம் பெட்டிக்குள்ளிருந்தே வந்தது;
சாரத்தைச் சுற்றி அமுக்கினோம்.
ஆறுக்கு இரண்டில் பாங்கு கேட்டது.
"நிப்பாட்டி வைங்க, மஃரிப் தொழுதிட்டு வாறன்."

அதற்கும் ஒரு பொத்தான் வைத்திருந்தான் அந்த மனிதன்.
அமத்தினேன்.
பந்து நடுவானில் நின்றது.
அவர் துணிச் சுருளை விரித்துத் தொழுது முடிக்கும்வரை
ஊரில் சொன்ன சொல் கேட்டது அது ஒன்றுதான்.

சலாம் கொடுத்துத் திரும்பினார். கரண்ட் போனது.

இருட்டில் இருவரும் கொஞ்சநேரம் பேசவில்லை.
தூரத்தில் உவர்மலைப் பக்கம் ஏதோ வெடித்தது.
"எமரென்சியா," என்றார்,
முதன்முறையாகப் பெயர் சொல்லி,
"அப்ப சமன், என்ன?"