அறுநூறு மில்லிகிராமுக்குக் கீழே

கண்ணாடிக் கதவைத் திறந்தால்
அரை நிமிடத்தில் ஆவி படிந்து
உள்ளே இருப்பது மறைந்துவிடும்.
அதற்குள் முடிவெடுக்க வேண்டும்.

படத்தை நம்புவதைப்
போன மார்ச்சிலேயே விட்டுவிட்டேன்.
படத்தில் கோழி ஆறு துண்டு.
பெட்டிக்குள் இரண்டு.
மூன்றாவது என்று நினைத்தது காளான்.

இப்போது பெட்டியைப் புரட்டி
முதுகைத்தான் படிக்கிறேன்.
உப்பு அறுநூறு மில்லிகிராமுக்குக் கீழே:
டாக்டர் லிண்ட்க்விஸ்ட் போட்ட கோடு.
புரதம் பதினெட்டு கிராமுக்கு மேலே:
என் வயிறு போட்ட கோடு.
இரண்டு கோட்டுக்கும் நடுவே
டுலூத் ஏரிக்கரைக் கடையின்
நாற்பதடி உறைபெட்டி வரிசையில்
தேறுவது ஏழோ எட்டோ.

'லேசானது' என்று அச்சடித்த ஊதாப் பெட்டிகளை
ஒரு மாதம் தின்று பார்த்தேன்.
லேசானதுதான்.
பதினொன்றுக்குச் சாப்பிட்டால்
ஒன்றரைக்குப் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருப்பேன்.
அப்புறம் நடைபாதை இயந்திரத்தில்
ஒன்றேகால் டாலருக்கு
உப்பும் கொழுப்பும் தொப்பென்று விழும்.
மிச்சம் பிடித்ததெல்லாம் வட்டியோடு போகும்.

என் வேலை,
பனி தள்ளும் வண்டிகளுக்கு
ரேடியோவில் வழி சொல்வது.
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை
பதினான்கு வண்டி, பதினான்கு குரல்.
பசித்தால் என் குரல் ரம்பமாகிவிடுமாம்.
'மார்லிஸ், இன்றைக்கு எந்தப் பெட்டி?'
என்று கேட்டுக்கொண்டுதான்
மேற்கொண்டு பேசுவார்கள்.

கடைசியில் கண்டுபிடித்தது இது:
கறுப்பு பீன்ஸும் பழுப்பரிசியும் உள்ள பெட்டி.
அதன் தலையில் தனிப்பையிலிருந்து
ஒரு பிடி பட்டாணி.
பக்கத்தில் அவித்த முட்டை.
காலை ஐந்து வரை தாங்கும்.
ருசியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

ஜனவரியில் ஒரு புதன்கிழமை
மின்கம்பிகள் அறுந்தன.
ஜெனரேட்டர் ரேடியோவுக்கு மட்டும்.
மைக்ரோவேவின் பச்சைக் கண் மூடிக்கொண்டது.
உறைபெட்டி செத்ததற்கு யாரும் கலங்கவில்லை,
கதவுக்கு வெளியே
பூஜ்யத்துக்கு இருபத்தாறு கீழே.
ஊரே உறைபெட்டி.
சூடுதான் எங்கும் இல்லை.

டீசல் போட வந்த ஆர்வோ நிஸ்கனென்,
ஒன்பதாம் வண்டி,
என் சாப்பாட்டை அலுமினியத் தாளில் உடைத்துக் கொட்டி
நாலாக மடித்து
என்ஜின் மேல் கம்பியால் கட்டினான்.
'மெசாபா அவென்யூ ஏறி இறங்கினால் வெந்துவிடும்'
என்றபடி போய்விட்டான்.

திரையில் ஒன்பதாம் புள்ளி ஊர்ந்தது.
என் ராச்சாப்பாடு
மேட்டில் ஏறியது,
சிவப்பு விளக்கில் நின்றது,
குறுக்கே சறுக்கிய காருக்காக
இருபது நிமிடம் காத்திருந்தது.
இடப்பக்கம் திரும்பு என்றால்
நேரே என் மேசைக்கு வந்திருக்கும்.
மருத்துவமனைச் சாலையில்
இரண்டடி பனி என்று ஒரு ஆம்புலன்ஸ் சொன்னது.
'ஒன்பது, வலப்பக்கம்' என்றேன்.
ரம்பம் போலத்தான் கேட்டிருக்கும்.

மூன்றே முக்காலுக்கு வந்து சேர்ந்தது.
ஓரம் கரி, நடுவில் சூடு,
பட்டாணி ரப்பர்.
எல்லாவற்றின் மேலும் மெல்லிய டீசல் வாடை.
பெட்டியின் முதுகில்
இதற்கெல்லாம் கட்டம் கிடையாது.
அவன் சாண்ட்விச் கல்லாகிவிட்டிருந்தது.
ஒரே கரண்டி,
மாற்றி மாற்றித் தின்றோம்.
ஆளுக்கு ஒன்பது கிராம் புரதம்.
ஐந்தாவதற்குள் எனக்கு நன்றாகப் பசித்தது.
கணக்கு கணக்குத்தான்.

சனிக்கிழமை.
கதவைத் திறந்தபடி நிற்கிறேன்,
இந்த முறை இரண்டு பெட்டிக்கு.
உப்பு சரி. புரதம் சரி.
சின்ன எழுத்தில் கீழே தேடுகிறேன்:
அவனுக்குக் காளான் ஆகாது.
மூக்குக்கண்ணாடியும் சேர்ந்து
ஆவி படிகிறது.