சவேரியார் திருநாள், ஐந்து மணிப் பூசை

கோயிலுக்குள் இடமில்லை.
ஏற்காட்டுப் பனியில், சில்வர் ஓக் அடியில்
ஒலிபெருக்கி வழியே வருகிறார் ஆண்டவர்,
பாதி வசனத்தில் கரகரத்து.

எனக்குத் தெரிவதெல்லாம்
முன்னால் நிற்பவரின் புது ஸ்வெட்டரும்
பிய்க்காமல் தொங்கும் விலைச்சீட்டும்.
முந்நூற்று நாற்பது.
பாவமன்னிப்பு மன்றாட்டுக்குள்
இரண்டு தரம் படித்துவிட்டேன்.

'சமாதானத்தைப் பகிர்ந்துகொள்வோம்' என்றதும்
திரும்பினார்:
எடை எழுதும் ஞானாதிக்கம்.
போன வாரம் என் மூட்டையில்
இரண்டு கிலோவை விழுங்கியவர்.

கைகூப்புவதா?
யோசிப்பதற்குள் பின்னாலிருந்து கூட்டம் நெருக்கி
அவர் தோளில் என்னை முட்டவைத்தது.
அவர் நகக்கண்ணிலும் காப்பிப்பழக் கறை.

நன்மை வாங்க வரிசை ஊர்ந்தது.
அப்பம் போதாமல்
சாமியார் பிட்டுப் பிட்டுக் கொடுத்தார்.
எனக்குக் கால்வாசி.
அவருக்கும் கால்வாசிதான்,
பார்த்துக்கொண்டேன்.