‘ச’ வராத பாட்டு

பனிக்கட்டிப் பெட்டியின் மூலை
என் முன்பல்லில் பாதியைக் கொண்டுபோய்
ஒன்பது நாள்.
அன்றிலிருந்து ‘ச’ சொன்னால் விசில் வருகிறது.
கெட்டில் கொதிக்கிறதென்று
ஹொனாமி இரண்டு முறை எழுந்து ஓடினாள்.

நெமுரோ.
ஊர்ப்பெயரை மட்டும் பயமில்லாமல் சொல்லலாம்:
இரண்டு மெல்லினம், ஓர் இடையினம்,
காற்று தப்பிக்க எங்கும் ஓட்டையில்லை.
ஆனால் நான் தரம் பிரிக்கும் மீனுக்குப் பெயர் சன்மா.
அதற்குத் தொட்டுக்கொள்ள ஷோயு,
அதன்மேல் ஊற்றிக்கொள்ள சாகே.
எங்கள் வரிசையின் மேற்பார்வையாளர் சசமோரி.
அவருக்கு மாற்றலாகியிருக்கும் ஊர்,
நாட்டின் மறுகோடியில்,
சசெபோ.
தெய்வம் ஒரு வேலையில் இறங்கிவிட்டால்
அரைகுறையாய் விடுவதில்லை.

ஒன்பது நாளாய் அவர் எனக்கு
‘இங்க பாருங்க’.
அவசரமென்றால்
‘இங்க பாருங்க, இங்க பாருங்க’.

இன்று வழியனுப்பு விழா.
துறைமுகச் சாலை கரோக்கே, நான்காம் அறை,
யாரோ பொரித்த கணவாய்
இன்னும் கம்பளத்தில் மணக்கிறது.
பலகை என் மடிக்கு வந்தது.
தலைப்பின் முதல் எழுத்து? என்றது.
அ, க, ச, த, ந,
ஹ, ம, ய, ர, வ.
மூன்றாவது கட்டத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு
மற்றதைப் படித்தேன்.

பிரிவுக்குப் பாட வேண்டும்.
பிரிவுக்கு எங்களிடம் உள்ள சொல்லோ சாயோநாரா.
‘முரசாகி தென்வா’:
ஊதாத் தொலைபேசி, அழகுதான்,
மூன்றாம் எழுத்தில் கண்ணி.
‘யூரேய் நோ எரிமாகி’:
பேயின் கழுத்துத் துணி. கண்ணியில்லை.
ஆனால் ஊரைவிட்டுப் போகிறவருக்குப்
பேயையா கட்டிக்கொடுப்பது?

பிறகு அது கிடைத்தது.
‘மினாமி நோ அமமோரி’.
தெற்கே ஒழுகும் கூரை.
கேட்டதே இல்லை, யார் பாடியதோ.
வல்லினம் ஒன்றுகூட இல்லை.
வாயில் வைத்தால் மோச்சி,
பல்லே வேண்டாம்.

அழுத்தினேன்.
திரையில், பாட்டுக்குச் சம்பந்தமில்லாத ஒருத்தி
அணைக்கட்டின் மேல் நடந்துபோனாள்.
முதல் சரணம் வெண்ணெயாய் இறங்கியது.
சசமோரி முழங்காலில் தாம்பூரின் தட்டினார்.
பாடத் தெரிந்தவள் போலக் கண்ணைக்கூட மூடினேன்.
திறந்தபோது பல்லவி.

சாயோநாரா, சாயோநாரா,
சாயோநாரா, கூரையே.

வெள்ளை எழுத்து நீலமாகிக்கொண்டே வருகிறது,
நிறுத்த முடியாது.
முதலாவது, கெட்டில்.
இரண்டாவது, போக்குவரத்துக் காவலர்.
ஹொனாமியின் மூக்கு வழியே பீர்.
புதிதாய்ச் சேர்ந்த பையன்கள் இருவரும்
சிரிக்கலாமா என்று
சசமோரியின் முகத்தைப் பார்த்தார்கள்.

அவர் தாம்பூரினைக் கீழே வைத்தார்.
இரண்டு விரலை வாயில் விட்டு,
படகுத் தளத்தில் கிரேனை நிறுத்துவாரே
அந்த விசில்.
மூன்றாவது சாயோநாராவின் மேல் சரியாக.

அதற்குப் பின் பாட்டு எங்கே போனதோ.
நான் ஒன்று, அவர் ஒன்று,
அடுத்த அறைக்காரர்கள் சுவரில் குத்தினார்கள்.
இயந்திரம் தொண்ணூற்று மூன்று கொடுத்து
‘மேல் சுரங்களில் தெளிவு’ என்று பாராட்டியது.

வெளியே மூடுபனி.
மிதிவண்டிகளின் இருக்கையெல்லாம் நனைந்திருந்தன.
ஞாயிறு விமானம் என்றார்.
அங்கே மீன் சின்னதாம் என்றார்.
‘ஏதாவது சொல்லுங்க.’

மதா நே என்றேன்.
மறுபடி, என்ன?
என்று அதற்கு அர்த்தம்.
சொல்ல முடிந்ததால் சொன்னேன்,
அது உண்மையா என்று பார்க்கவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் பல் மருத்துவர்.
புதுப் பல்லை ஒட்டிவிட்டு
‘ச’ சொல்லிப் பாருங்கள் என்பார்.
சொல்லிப் பார்க்க
ஒரு பெயர் வைத்திருக்கிறேன்.